ருமேனியா வேலை: சம்பளம் எவ்வளவு, செலவு எவ்வளவு, வீட்டுக்கு மிஞ்சுவது எவ்வளவு?

நமது இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரை ஊர்களுக்குப் பயணம் புதிதல்ல. தனுஷ்கோடி வழியாகத் தலைமன்னாருக்குக் கப்பல் ஓடிய காலத்தில் இலங்கைக்குப் போனோம். மலேயாவுக்கும் பர்மாவுக்கும் போனோம். 1970களுக்குப் பிறகு வளைகுடா நாடுகள் நம் வீடுகளுக்குச் சோறு போட்டன. கீழக்கரை, பெரியபட்டினம், புதுமடம், பனைக்குளம், தேவிபட்டினம், தொண்டி என எந்த ஊரை எடுத்தாலும், துபாயிலோ சவூதியிலோ ஒருவர் இல்லாத குடும்பம் குறைவு.

இப்போது புதிதாக ஒரு பேச்சு கேட்கிறது. "வளைகுடாவில் முன்னைப் போல் இல்லை, ஐரோப்பாவுக்குப் போகலாம். ருமேனியாவில் விசா எளிது, செலவும் குறைவு" என்கிறார்கள். இந்தப் பேச்சுக்குக் காரணம் உண்டு. சவூதியில் 2018 முதல் வாட் வரி வந்தது. 2020-இல் அது 15 சதவீதமானது. உடன் தங்கும் குடும்பத்தினர் ஒவ்வொருவருக்கும் மாதம் 400 ரியால் கட்ட வேண்டிய நிலையும் அதே ஆண்டில் வந்தது. இங்கேயோ பாம்பன், இராமேஸ்வரம் பக்கம் மீன்பிடித் தொழிலை மட்டும் நம்பி இருக்க முடிவதில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் ஒரு பக்கம், எல்லை தாண்டியதாகக் கைதும் படகு பறிமுதலும் மறுபக்கம். எனவே பிள்ளைகள் வேறு வழி தேடுவதைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் அந்த வழிக்கு ஏஜெண்டுகள் கேட்பது லட்சக்கணக்கில். அதற்காக வீட்டு நகை அடகுக்குப் போகிறது, நிலம் கைமாறுகிறது. எனவே பணம் கட்டுவதற்கு முன் குடும்பம் ஒன்றாக உட்கார்ந்து போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கை இங்கே விளக்குகிறோம். எல்லாம் 2025-ஆம் ஆண்டின் நிலவரம். ருமேனியாவின் நாணயம் லெய். ஒரு லெய் 20 ரூபாய், ஒரு யூரோ 5 லெய் என்று தோராயமாக வைத்துக்கொள்கிறோம். நீங்கள் கணக்குப் போடும் நாளில் விகிதத்தைப் பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள்.

முதல் குழப்பம்: 'புரூட்' சம்பளமும் கைச் சம்பளமும்

ருமேனியாவில் வேலை ஒப்பந்தத்தில் எழுதப்படுவது 'புரூட்' சம்பளம், அதாவது பிடித்தம் போவதற்கு முந்தைய தொகை. பிடித்தம் போகக் கைக்கு வருவது 'நெட்'. 2025-இல் சட்டப்படியான குறைந்தபட்ச மாதச் சம்பளம் புரூட் கணக்கில் 4,050 லெய். கட்டுமானத் துறைக்கு மட்டும் 4,582 லெய். வெளிநாட்டிலிருந்து வரும் சாதாரணத் தொழிலாளிகளில் மிகப் பலருக்கு இந்தக் குறைந்தபட்சச் சம்பளம்தான் எழுதப்படுகிறது.

4,050 லெய்யை 20 ஆல் பெருக்கினால் 81,000 ரூபாய். விளம்பரத்தில் போடுவதற்கு நல்ல எண். ஆனால் அதில் 25 சதவீதம் ஓய்வூதியக் காப்பீட்டுக்கும், 10 சதவீதம் மருத்துவக் காப்பீட்டுக்கும், மிச்சத்தில் 10 சதவீதம் வருமான வரிக்கும் போகும். குறைந்தபட்சச் சம்பளக்காரர்களுக்குத் தரப்படும் சிறு சலுகைகளையும் சேர்த்துப் பார்த்தால் கைக்கு வருவது 2,574 லெய். அதாவது சுமார் 51,500 ரூபாய். 81 ஆயிரம் என்று கேட்டுப் போனவருக்கு முதல் மாதமே 30 ஆயிரம் ரூபாய்க்கு நெருக்கமாகக் குறைகிறது.

வளைகுடாவில் பழகிய நமக்கு இது புதிது. அங்கே சம்பளத்தில் வருமான வரிப் பிடித்தம் இல்லை. பேசிய தொகையே கைக்கு வரும். வேலையை விட்டு வரும்போது 'சர்வீஸ் பணமும்' உண்டு. அமீரகத்தில் முதல் ஐந்து ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம் என்பது சட்டம். ருமேனியாவில் ஓய்வூதியத்துக்கென மாதந்தோறும் நான்கில் ஒரு பங்கு பிடிக்கிறார்கள். ஆனால் அங்கே ஓய்வூதியம் பெறக் குறைந்தது 15 ஆண்டுகள் கட்டியிருக்க வேண்டும். இரண்டு மூன்று வருடம் இருந்துவிட்டு வருபவர் அந்தப் பணத்தைத் தன் சேமிப்பாக எண்ண முடியாது.

மருத்துவக் காப்பீட்டுக்குப் பிடிக்கும் 10 சதவீதம் அப்படியல்ல. அதற்குப் பலன் உண்டு. குடும்ப மருத்துவர் ஒருவரிடம் பெயரைப் பதிவு செய்துகொண்டால் அரசு மருத்துவ வசதியைப் பயன்படுத்தலாம். போனவுடன் இதைச் செய்துகொள்ள வேண்டும்.

செலவு: எது மலிவு, எது மலிவில்லை

ஐரோப்பிய ஒன்றியத்தில் ருமேனியா மலிவான நாடுகளில் ஒன்று என்பது உண்மைதான். ஜெர்மனியையோ பிரான்சையோ பார்க்க வாடகையும் சாப்பாடும் குறைவு. ஆனால் அந்த மலிவு யூரோவில் சம்பாதித்து வந்து தங்குபவருக்கு. அங்கேயே லெய்யில் குறைந்தபட்சச் சம்பளம் வாங்குபவருக்கு அதே விலை கனமாகத்தான் இருக்கும். விலைவாசி குறைந்த நாட்டில் சம்பளமும் குறைவு என்பதை மறக்கக் கூடாது.

வாடகை: தலைநகர் புக்காரெஸ்டில் ஒரே அறை கொண்ட சிறு வீடு சுமார் 300 முதல் 400 யூரோ. அது 1,500 முதல் 2,000 லெய். தனியாளாக எடுத்தால் சம்பளத்தில் பெரும்பகுதி அங்கேயே போய்விடும். எனவே நம் 'பேச்சிலர் ரூம்' முறைதான் அங்கும். மூன்று நான்கு பேர் சேர்ந்து எடுத்தால் ஆளுக்கு 700, 800 லெய் என்று வரும். வீட்டுக்காரர் ஒரு மாத முன்பணமும் கேட்பார். சிறு நகரங்களில் வாடகை குறைவு.

மின்சாரம், எரிவாயு, வெப்பம்: நாம் கணக்கில் சேர்க்க மறப்பது இதைத்தான். மண்டபத்தில் டிசம்பரில்கூட மின்விசிறி ஓடும். புக்காரெஸ்டில் ஜனவரியில் பூஜ்ஜியத்துக்குக் கீழே போகும், பனி கொட்டும். வீட்டை வெப்பப்படுத்தாமல் தூங்க முடியாது. மின் கட்டணத்துக்கு அரசு வைத்திருந்த உச்சவரம்பு 2025 ஜூலை 1-உடன் நீங்கியதால் பில் கூடியிருக்கிறது. ஆளுக்கு ஆண்டுச் சராசரியாக மாதம் 150 லெய் ஒதுக்க வேண்டும்.

சாப்பாடு: உருளைக்கிழங்கு, முட்டைகோஸ், வெங்காயம், பால், முட்டை, ரொட்டி நியாயமான விலைக்குக் கிடைக்கும். நம் அரிசி, மசாலா, பருப்பு எல்லாம் இறக்குமதி, விலை கூடுதல். ஹலால் இறைச்சி புக்காரெஸ்டில் துருக்கி, அரபுக் கடைகளில் கிடைக்கும். கொலன்டினா பகுதியில் அப்படிப்பட்ட கடைகளும் உணவகங்களும் உள்ளன. தொழிற்சாலை இருக்கும் சிற்றூர்களில் அந்த வசதி எளிதில் கிடைக்காது. அங்கே மீன், முட்டை, காய்கறி என்று ஓட்ட வேண்டியிருக்கும். 2025 ஆகஸ்ட் 1 முதல் வாட் வரி 19-லிருந்து 21 சதவீதமாகவும், உணவுப் பொருள்களுக்கு 9-லிருந்து 11 சதவீதமாகவும் ஏறியது. சேர்ந்து சமைத்தால் ஆளுக்கு மாதம் 900 லெய் ஆகும். வெளியே சாப்பிட்டால் இந்தக் கணக்கு நிற்காது.

சில கம்பெனிகள் வேலை நாளுக்கு 40 லெய் வரை மதிப்புள்ள உணவுச் சீட்டு தருகின்றன. இது கட்டாயம் அல்ல, கம்பெனியின் விருப்பம். கிடைத்தால் சாப்பாட்டுச் செலவின் பெரும்பகுதி அதிலேயே அடைந்துவிடும். எனவே ஒப்பந்தம் பேசும்போதே கேட்க வேண்டும்.

மற்றவை: மாதாந்திரப் பயணச் சீட்டு சுமார் 100 லெய். போன் 40 லெய், இணையம் அங்கே மலிவு. துணி, மருந்து, சவரம், சில்லறைச் செலவு 300 லெய். இது போக முதல் குளிர்காலத்துக்கு ஜாக்கெட், பூட்ஸ், உள்ளாடை என்று ஒரு தடவைச் செலவாக 500 லெய்யாவது வேண்டும்.

மூன்று கணக்குகள்

இப்போது 2,574 லெய்யை வைத்து மூன்று விதமாகக் கணக்குப் போடுவோம்.

முதல் வகை: தங்குமிடமும் சாப்பாடும் கம்பெனியே தருகிறது. வேலைக்கும் கம்பெனி வண்டியிலேயே போகலாம். போனும் சில்லறைச் செலவும் சேர்ந்து 340 லெய், அவசரத்துக்கு 100 லெய். மிஞ்சுவது 2,134 லெய், சுமார் 42,700 ரூபாய்.

இரண்டாம் வகை: தங்குமிடம் கம்பெனியுடையது, சாப்பாடு நம்முடையது. சாப்பாடு 900, பயணம் 100, போனும் சில்லறையும் 340. மொத்தம் 1,340 லெய். மிஞ்சுவது 1,234 லெய், சுமார் 24,700 ரூபாய்.

மூன்றாம் வகை: இரண்டும் நம்முடையது. வாடகைப் பங்கு 750, பில் 150, மற்றவை மேலே சொன்ன 1,340. மொத்தம் 2,240 லெய். மிஞ்சுவது 334 லெய், அதாவது 7,000 ரூபாய்கூட இல்லை.

சம்பளம் மூவருக்கும் ஒன்றே. தங்குமிடமும் சாப்பாடும் யார் பொறுப்பு என்பதை வைத்தே ஒருவர் 42 ஆயிரம் அனுப்புகிறார், ஒருவர் 7 ஆயிரம்கூட அனுப்ப முடியாமல் தவிக்கிறார்.

இதைத் துபாயோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 1,500 திர்ஹம் சம்பளம், கம்பெனி ரூம். மெஸ் 350, போன் 75, சில்லறை 125 போனால் 950 திர்ஹம் மிஞ்சும். திர்ஹம் 24 ரூபாய் என்றால் 22,800 ரூபாய். அதாவது ருமேனியாவின் 51 ஆயிரம் ரூபாய்ச் சம்பளமும் துபாயின் 36 ஆயிரம் ரூபாய்ச் சம்பளமும், சாப்பாடு நம் கையில் என்றால், வீட்டுக்கு அனுப்பும் இடத்தில் ஏறக்குறைய ஒன்றாகிவிடுகின்றன. இதில் விமான டிக்கெட் வேறு. துபாய்க்குப் போவதுபோல் நேரடி விமானத்தில் புக்காரெஸ்ட் போக முடியாது. இடையில் தோஹா, துபாய், இஸ்தான்புல் என்று இறங்கி மாற வேண்டும், கட்டணமும் மிக அதிகம். விடுமுறை டிக்கெட் யார் பொறுப்பு என்று எழுதி வாங்காவிட்டால் ஊருக்கு வந்து போகும் செலவு சில மாதச் சேமிப்பைக் கொண்டுபோய்விடும்.

கடன் அடைய எத்தனை மாதம்?

ஏஜெண்டுக்கு 5 லட்சம் ரூபாய் கடன் வாங்கிக் கட்டியதாக வைத்துக்கொள்வோம். முதல் வகைக்காரர் மிஞ்சுவதை முழுவதும் கடனுக்கே கட்டினால் 12 மாதம். இரண்டாம் வகைக்காரருக்கு 20 மாதம். மூன்றாம் வகைக்காரருக்கு ஆறு ஆண்டுக்கும் மேல்.

ஆனால் முழுவதையும் கடனுக்கே கட்ட முடியாதே. பெற்றோருக்கு மருந்து, பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம், வீட்டுச் சாமான் என மாதம் 20,000 ரூபாய் ஊருக்கு வேண்டும் என்றால் முதல் வகைக்காரருக்கே கடன் அடைய 22 மாதம் ஆகும். இரண்டாம் வகைக்காரருக்குக் கடனுக்கு ஒதுக்க மாதம் 4,700 ரூபாய்தான் இருக்கும். அதில் 5 லட்சம் அடைய ஒன்பது ஆண்டுகள் வேண்டும். நகையை வட்டிக்கு வைத்திருந்தால் இந்தத் தொகை வட்டிக்கே சரியாகப் போய், அசல் அப்படியே நிற்கும். வட்டி ஹராம் என்று தெரிந்தும் வேறு வழியின்றி அதில் விழும் குடும்பங்களை நாம் பார்க்கிறோம். விழுந்த பிறகு வருந்துவதைவிட, பணம் கட்டும் முன் ஒரு காகிதத்தில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது எளிது.

ஏஜெண்ட் எவ்வளவு வாங்கலாம்?

1983-ஆம் ஆண்டுக் குடியகல்வுச் சட்டப்படி, வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பவர் இந்திய வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். தொழிலாளியிடம் அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான 18 சதவீத ஜி.எஸ்.டி.யும். மொத்தம் 35,400 ரூபாய். ரசீது தர வேண்டும். ஏஜெண்டின் பதிவு எண் உண்மையா, காலாவதி ஆகவில்லையா என்பதை அரசின் 'இ-மைக்ரேட்' இணையதளத்தில் யாரும் பார்க்கலாம்.

ருமேனியா தரப்பில் நடப்பது இதுதான். முதலில் அங்குள்ள கம்பெனி, குடிவரவுத் துறையிடம் நம் பெயரில் வேலை அனுமதி வாங்க வேண்டும். அதற்கான கட்டணம் 100 யூரோ, அது கம்பெனியின் பொறுப்பு. பிறகு அந்த அனுமதியை வைத்து நாம் நீண்டகால வேலை விசாவுக்கு விண்ணப்பிக்கிறோம். விசாக் கட்டணம் 120 யூரோ. அங்கே போன பிறகு வசிப்பு அட்டை. இந்த அரசுக் கட்டணங்களைக் கூட்டிப் பாருங்கள், லட்சங்கள் எங்கே வருகின்றன என்று புரியும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பத்தாம் வகுப்புத் தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் 'குடியகல்வுச் சோதனை தேவை' என்ற குறிப்பு இருக்கும். அவர்கள் சவூதி, குவைத், அமீரகம் உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகும்போது அரசின் அனுமதி வேண்டும், அப்போது ஒப்பந்தம் சரிபார்க்கப்படும். ருமேனியா அந்தப் பட்டியலில் இல்லை. எனவே யாரும் நிறுத்திக் கேட்க மாட்டார்கள். அதை ஏஜெண்டுகள் ஒரு வசதியாகச் சொல்கிறார்கள். உண்மையில் நம் ஒப்பந்தத்தை அரசு பார்க்கும் வாய்ப்பு இல்லாமல் போகிறது, பார்க்க வேண்டிய பொறுப்பு நம் தலையில் விழுகிறது.

"அங்கிருந்து ஜெர்மனி போய்விடலாம்" என்ற பேச்சு

2025 ஜனவரி 1 முதல் ருமேனியா முழுமையாக ஷெங்கன் பகுதியில் சேர்ந்துவிட்டது. தரை எல்லைகளிலும் சோதனை நீங்கியது. இதை வைத்து, "ருமேனியா வெறும் வாசல்தான், உள்ளே போனபின் இத்தாலி, ஜெர்மனி எங்கும் வேலை பார்க்கலாம்" என்று ஆசை காட்டுகிறார்கள். இது தவறு. ருமேனிய வசிப்பு அட்டை உள்ளவர் மற்ற ஷெங்கன் நாடுகளுக்கு 180 நாளில் 90 நாள் வரை போய் வரலாம். அங்கே வேலை செய்யும் உரிமை அதில் இல்லை. போய்த் தங்கி வேலை பார்த்தால் பிடிபடும் நாளில் நாடு கடத்தலும் நுழைவுத் தடையும் வரும். சட்டவிரோதமாக இருப்பவருக்குக் கூலி தராமல் ஏமாற்றினாலும் துணிந்து புகார் கொடுக்க முடியாது.

ருமேனியாவுக்குள்ளேயே கம்பெனி மாறுவதும் எளிதல்ல. 2022 இறுதியில் வந்த விதிப்படி, முதல் ஓராண்டுக்குள் வேறு கம்பெனிக்கு மாற வேண்டுமானால் முதல் முதலாளியின் எழுத்துபூர்வ ஒப்புதல் வேண்டும். நம் ஊர்க்காரர்களுக்குக் 'கஃபீல்' என்றால் புரியும். ஏறக்குறைய அதே நிலை. எனவே முதல் கம்பெனி நல்லதாக இருப்பது முக்கியம்.

மார்க்கக் கடமைகளும் குடும்பமும்

ருமேனியா முஸ்லிம்களே இல்லாத நாடல்ல. கருங்கடல் ஓரத்தில் உள்ள தொப்ரோஜா பகுதியில் துருக்கிய, தாத்தார் முஸ்லிம்கள் பல நூற்றாண்டுகளாக வாழ்கிறார்கள். கான்ஸ்டன்ட்சா துறைமுக நகரில் 1913-இல் கட்டி முடித்த பெரிய பள்ளிவாசல் இருக்கிறது. முஃப்தி அலுவலகமும் அந்நகரில்தான். புக்காரெஸ்டிலும் பள்ளிவாசல்கள் உண்டு. ஆனால் வெள்ளிக்கிழமை அங்கே வேலை நாள். ஜும்ஆவுக்கு நேரம் கிடைக்குமா என்பது கம்பெனியைப் பொறுத்தது. கடமையான தொழுகைகளுக்கு இடைவேளை உண்டா என்றும் முன்பே கேட்டுவிடுவது நல்லது.

குடும்பத்தை அழைக்கலாம் என்று சட்டத்தில் இடம் உண்டு. அதற்குப் போதிய வருமானமும் தங்க வீடும் காட்ட வேண்டும். குறைந்தபட்சச் சம்பளத்தில் மனைவி, பிள்ளைகளோடு வாழ்வது நடைமுறையில் முடியாது. எனவே இதுவும் வளைகுடாவைப் போலத் தனியாளாகப் போய் வரும் பயணமே.

கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டியவை

1. ஒப்பந்தத்தில் உள்ளது புரூட் தொகையா, நெட் தொகையா? நெட் எவ்வளவு என்று எழுத்தில் தருவார்களா?

2. தங்குமிடம் இலவசமா, சம்பளத்தில் பிடிப்பார்களா? ஓர் அறையில் எத்தனை பேர்?

3. சாப்பாடு உண்டா? இல்லையென்றால் உணவுச் சீட்டு உண்டா? சமையலறை உண்டா?

4. வேலை நேரம் என்ன? அங்கே சட்டப்படி வாரம் 40 மணி நேரம். ஓவர்டைமுக்கு மாற்று ஓய்வு தராவிட்டால் குறைந்தது 75 சதவீதம் கூடுதல் கூலி தர வேண்டும்.

5. ஆண்டு விடுமுறை எத்தனை நாள்? சட்டப்படி குறைந்தது 20 வேலை நாள். டிக்கெட் யார் பொறுப்பு?

6. வேலை எந்த ஊரில்? நேரடியாகக் கம்பெனியா, ஆள் அனுப்பும் இடைத்தரகு நிறுவனமா?

7. விசா மறுக்கப்பட்டால் கட்டிய பணம் எத்தனை நாளில் திரும்பும்?

8. ஏஜெண்டின் பதிவு எண் என்ன? முழுத் தொகைக்கும் ரசீது தருவாரா?

வெல்டிங், மின்பணி, பிளம்பிங், கனரக வாகனம் என்று கையில் தொழிலும் வளைகுடா அனுபவமும் உள்ளவர்கள் குறைந்தபட்சச் சம்பளத்துக்கு ஒப்புக்கொள்ளத் தேவையில்லை. அவர்களுக்கு அங்கே ஆள் தட்டுப்பாடு இருக்கிறது. 2022 முதல் 2025 வரை ஒவ்வோர் ஆண்டும் ஒரு லட்சம் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு ருமேனியா இடம் ஒதுக்கியதே அதற்குச் சான்று. பேசிக் கூடுதலாகக் கேளுங்கள்.

விவரம் கேட்க, சென்னையில் குடியகல்வோர் பாதுகாவலர் அலுவலகம் இருக்கிறது. தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும், அயலகத் தமிழர் நலத்துறையும் உள்ளன. அங்கே போன பிறகு சிக்கல் என்றால் புக்காரெஸ்டில் இந்தியத் தூதரகமும், ருமேனியத் தொழிலாளர் ஆய்வுத் துறையும் உண்டு. இந்த முகவரிகளைப் போகிறவர் மட்டுமல்ல, வீட்டில் இருக்கும் பெண்களும் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

ஐரோப்பா போகவே கூடாது என்று நாம் சொல்லவில்லை. தங்குமிடமும் சாப்பாடும் தரும் நல்ல கம்பெனி, சட்டப்படியான கட்டணம், கடனில்லாத புறப்பாடு என்று மூன்றும் அமைந்தால் வளைகுடாவைவிடக் கூடுதலாகவே மிச்சப்படுத்தலாம். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் காகிதமும் பேனாவும் எடுத்து மறுபடி கணக்குப் போடுங்கள். நகையைக் கழற்றித் தரப்போகும் தாயும் மனைவியும் அந்தக் கணக்கில் உடன் இருக்கட்டும். ஊர் பைத்துல்மாலில் வட்டியில்லாக் கடன் கிடைக்குமா என்றும் கேட்டுப் பாருங்கள். தெளிவாகக் கணக்குப் பார்த்துப் புறப்படும் பயணத்தில் அல்லாஹ் பரக்கத் செய்வான், இன்ஷா அல்லாஹ்.